ஆறாவது குழியில் வந்தவர்கள்

கல்லந்துறைக் கோயில் படிக்கட்டுக்கு எதிரே ஜெராக்ஸ் கடை வைத்திருந்த கிளாரன்ஸுக்கு, ஜனவரியில் மூன்று ராஜாக்கள் திருநாள் கழிந்த மறுநாள் தபாலில் வந்து சேர்ந்த நாணயப் பெட்டியின் ஆறாவது குழியில், ஒரு கலங்கரை விளக்கம் இருக்க வேண்டிய இடத்தில், புயலில் மாட்டி ஒரு மாதத்துக்கு மேலாகியும் கரை சேராத ஸ்ராங்கு லாசர் இருந்தார். ஸ்ராங்கு என்றால் எங்கள் பக்கத்தில் விசைப்படகை ஓட்டுகிறவர், படகில் அவர் சொல்தான் சொல். நெற்றியில் விழுந்த மூன்று கோடும், காதில் செருகிய பீடியும், கோபம் வந்தால் கோணிக்கொள்ளும் உதடும் அப்படியே இருக்க, லாசர் வெண்கலத்தில் இடதுபக்கம் திரும்பி, யாரோ கூப்பிட்டதற்குக் காது கொடுக்கிறவர் மாதிரி இருந்தார்.

கிளாரன்ஸ் முதலில் சந்தோஷப்பட்டார் என்பதையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். பத்து வருஷம் சரக்குக் கப்பலில் சமையல்காரராக இருந்து, இறங்கிய துறைமுகத்திலெல்லாம் சில்லறை பொறுக்கிக்கொண்டு வந்து, அதுவே பிறகு பைத்தியமாகி, நாணயச்சாலை வெளியிடும் பெட்டிகளுக்கெல்லாம் முன்கூட்டியே எழுதிப்போட்டு வாங்குகிற மனுஷன் அவர். அந்தப் பைத்தியம் பிடித்தவர்களுக்குச் சரியாக அடித்த காசைவிடத் தப்பாக அடித்த காசுதான் உயிர். எழுத்து தலைகீழாக விழுந்தது, இரண்டு முறை அச்சுக்குள் போனது என்று ஏதாவது ஒன்று ஆயுளில் ஒருமுறை கையில் சிக்காதா என்று ஏங்குவார்கள். ஆகவே பெட்டியைத் திறந்ததும், விளக்குக்குப் பதில் மனிதத் தலை, பிழை அச்சு, அடித்தது யோகம் என்றுதான் பூதக்கண்ணாடியை எடுத்தார். எடுத்துப் பார்த்த பிறகு யார் என்று தெரிந்தது. தெரியாமல் எப்படி இருக்கும்? புயல் கழிந்த நாள் முதலாக, “விண்ணரசி” என்ற அந்தப் படகில் போன ஏழு பேரின் அடையாள அட்டைகளையும், தேடச் சொல்லி எழுதிய மனுக்களையும் எங்களுக்காக நூறு நூறு பிரதி எடுத்துக் கொடுத்தவர் அவர்தான். அந்த ஏழு முகமும் அவருடைய மிஷினின் கண்ணாடியில் கவிழ்ந்து படுத்து எழுந்தவை.

செய்தி கேட்டு நாங்கள் ஓடினோம். லாசரின் பெண்சாதி ரெஜினாள் பாதி சீவிய தலையோடு வந்தாள். கிளாரன்ஸ் வெள்ளைக் கையுறை மாட்டிக்கொண்டு, பெட்டியை எல்லாருக்கும் காட்டினார். அரக்கு நிற வெல்வெட்டில் ஐந்து காசுகள், ஒவ்வொன்றிலும் கலங்கரை விளக்கம், கீழே மதிப்பு. ஆறாவதில் மட்டும் லாசர்.

“இதும் காசுதானா அண்ணே?” என்று யாரோ கேட்டார்கள்.

“காசுன்னா எத்தன ரூவான்னு அதுல அடிச்சிருப்பான். இதுல பாரு, முன்னும் இல்ல, பின்னும் இல்ல. இது பதக்கமாக்கும். ஒரு ஞாவகத்துக்கு அடிக்கியது. கடையில நீட்டினா ஒண்ணும் கிட்டாது” என்றார் கிளாரன்ஸ்.

அவர் அதோடு நிறுத்தியிருக்கலாம். எங்கள் ஊருக்கு மதிப்பு அடிக்காத வட்டம் எதுவானாலும் சுரூபம்தான், மாதாவும் அந்தோணியாரும் பொறித்துக் கறுப்புக் கயிற்றில் கோத்து நாங்கள் கழுத்தில் போட்டிருப்போமே, அது. சுரூபத்தைக் கண்டால் எங்கள் உதடு சும்மா இருக்காது. பெரிய வெள்ளியன்று சிலுவைக்கு வரிசையில் நின்று முத்தி செய்கிற ஜனம், புனிதரின் எலும்பு என்று கண்ணாடிக் கூட்டுக்குள் எதைக் காட்டினாலும் வரிசையில் நின்று முத்தி செய்கிற ஜனம். ரெஜினாள் குனிந்தாள். “தொடாதே, விரல் பட்டாலே மெருகு போயிரும், பாழாயிரும்” என்று கிளாரன்ஸ் அலறியது கோயில் வாசல் வரைக்கும் கேட்டது. அவள் கேட்கவில்லை. நெற்றியில் ஒன்று, பீடியில் ஒன்று, கோணிய உதட்டில் ஒன்று என்று மூன்று முத்தி கொடுத்து, நிமிர்ந்து, “ஆளு போயிட்டாருடீ” என்று சொல்லிவிட்டுத் தரையில் உட்கார்ந்தாள்.

அதுவரைக்கும் அவள் அழவில்லை. ஒரு மாதமாக எங்கள் ஊரில் ஏழு வீட்டில் அழவும் முடியாமல் சிரிக்கவும் முடியாமல், வாசலில் செருப்புச் சத்தம் கேட்டால் எழுந்து, எழுந்ததற்கு வெட்கப்பட்டு உட்கார்ந்துகொண்டிருந்தார்கள். பதக்கம் என்பது போனவர்கள் ஞாபகத்துக்கு அடிப்பது என்று கிளாரன்ஸே சொல்லிவிட்டார், ஆகவே லாசர் போய்விட்டார், இனி அழலாம் என்று ஊர் அன்றைக்கு மூச்சு விட்டது. அந்த மூச்சு எங்களுக்கு எவ்வளவு ஆறுதலாக இருந்தது என்று இப்போது சொல்லக் கூச்சமாக இருக்கிறது.

ஒன்பது நாள் முத்தி நடந்தது. சாயங்காலம் நாலு மணிக்குத் தொடங்கி ஆறு மணிச் செபத்துக்கு முன்னால் முடிக்க வேண்டும் என்று ஊர்க்கமிட்டி ஒழுங்கு வைத்தது. கோயில் உபதேசியார் பக்கத்தில் நின்று ஒவ்வொரு உதட்டுக்கும் பிறகு வெள்ளைத் துணியால் துடைத்துவிட்டார். பெண்கள் முதலில், ஆண்கள் பிறகு, லாசரோடு பேச்சுவார்த்தை இல்லாதவர்கள் கடைசியில். பங்குச் சாமியார் என்ன செய்வதென்று தெரியாமல் ஆயர் இல்லத்துக்கு எழுதினார். சரி என்றும் சொல்லவில்லை, தப்பு என்றும் சொல்லவில்லை, பீடத்துக்கு மட்டும் கொண்டுபோக வேண்டாம் என்று பதில் வந்தது. அதனால் பெட்டி ஜெராக்ஸ் மிஷினின் மேலேயே இருந்தது, இரண்டு பக்கமும் மெழுகுதிரி வைத்தோம். ஒன்பதாம் நாள் லாசரின் நெற்றிக்கோடு மறைந்து, பீடி மறைந்து, உதடு மறைந்து, பதக்கம் வழுக்குப் பாறையாக வெறுமையாயிற்று. லாசரின் சட்டையையும், கிளாரன்ஸ் பெரிதாக்கிக் கொடுத்த பதக்கத்தின் பிரதியையும் சவப்பெட்டிக்குள் வைத்துக் கல்லறைத் தோட்டத்தில் அடக்கினோம். மறுநாள் காலையில் கடையைத் திறந்தபோது அந்த வெறுமையில் அடுத்த முகம் இருந்தது.

இப்படி ஐந்து பேர். தேவையில்லாமல் ஒருவரும் திகைத்து நிற்கவில்லை. கண்டுசொல்வது கிளாரன்ஸின் வேலை. காலையில் கையுறை மாட்டி, ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்து, பூதக்கண்ணாடியால் பார்த்து, அடையாள அட்டைப் பிரதிகளோடு ஒவ்வொன்றாக ஒத்துப்பார்த்து, சந்தேகமே இல்லை என்று ஆன பிறகுதான் வெளியே வந்து பெயரைச் சொல்வார். அவசரப்பட மாட்டார். அவர் பார்க்கும் அந்தக் கால்மணி நேரத்தில் படிக்கட்டில் நின்றுகொண்டிருக்கும் மீதி வீட்டுப் பெண்கள் ஒருவர் கையை ஒருவர் பிடித்திருப்பார்கள், பெயர் சொன்னதும் ஒரு கை மட்டும் விடுபடும். மற்றக் கடற்கரை ஊர்களிலிருந்தும் காணாமல்போனவர்களின் போட்டோவோடு வேன் பிடித்து வந்தார்கள். பதக்கம் அவர்களைச் சட்டை செய்யவில்லை, அது விண்ணரசியின் ஆட்களை மட்டுமே கொண்டுவந்தது. வருவாய்த் துறையிலிருந்து ஒருவர் வந்து, எந்தப் படிவத்தில் எந்தக் கட்டத்தில் இதை நிரப்புவது என்று ஒரு மத்தியானம் முழுக்க யோசித்து, மோர் குடித்துவிட்டுப் போனார். கிளாரன்ஸ் எழுதிய கடிதத்துக்கு நாணயச்சாலையும் பதில் போட்டது. தங்கள் பெட்டியில் சேர்த்திருப்பது மதிப்பற்ற நினைவுப் பதக்கம் ஒன்று, அதன் முன்பக்கத்தில் கலங்கரை விளக்கம், மனித உருவம் எதுவும் கிடையாது, தயவுசெய்து சரிபார்க்கவும். கிளாரன்ஸ் சரிபார்த்தார். அன்றைக்கு இருந்தது, அதே படகில் போன லாசரின் தம்பி.

மூன்றாவது முகம் வந்தபோது ஊர்க்கமிட்டி கூடி, இனித் தேட ஆளனுப்ப வேண்டாம் என்று முடிவு செய்தது. வாரத்துக்கு இரண்டு முறை எங்கள் படகுகள் ஆழ்கடலுக்குப் போய்த் தேடிக்கொண்டிருந்தன, டீசலும் எங்கள் கைக்காசுதான். தேடுவதற்குக் கப்பல் அனுப்பும் அலுவலகத்துக்கும், எங்களுக்கு இனி அப்படியொரு கோரிக்கை இல்லை என்று எழுதிக் கையெழுத்துப் போட்டோம். அதையும் கிளாரன்ஸ்தான் பிரதி எடுத்தார். அன்று கமிட்டி அறை வாசலில் வந்து நின்று சத்தம் போட்டவள் பனிமேரி ஒருத்தி.

பனிமேரியை இனி நீங்கள் தெரிந்துகொள்ள வேண்டும். விண்ணரசியில் வலை பார்க்கிறவனான ததேயுஸின் பெண்சாதி. பிள்ளை இல்லை. தலையில் மீன் சட்டியோடு மேற்கே ரப்பர்த் தோட்டம் வரைக்கும் நடந்து விற்றுவிட்டு மத்தியானம் திரும்புவாள். குரல் பெரிது, கோபம் அதைவிடப் பெரிது.

“எனக்க மாப்ளைக்க மூஞ்சி இன்னும் வரல்ல. வராதவரத் தேட மாட்டோம்னு எழுதிக்குடுக்க ஒங்களுக்கு யாரு சொன்னா?” என்று கேட்டாள்.

“வரும் பனிமேரி. ஒரே படகு. ஒரே புயல். மூணு பேரு வந்தாச்சுல்லா” என்றார் தலைவர்.

“வந்தா வரட்டும். வாறது வரைக்கும் தேடுங்க.”

அவளுடைய பிடிவாதத்தைப் பற்றி வீட்டுக்கு வீடு பேசினோம்.

சாம்பல் புதனன்று ஆறாவது முகம் வந்தது. கிளாரன்ஸ் அன்று கால்மணி நேரத்துக்குப் பதில் ஒருமணி நேரம் எடுத்துக்கொண்டார். படிக்கட்டில் பனிமேரி மட்டும் தனியாக நின்றாள், பிடித்துக்கொள்ள ஒரு கையும் மிச்சமில்லை. நெற்றியில் சாம்பலோடு நாங்கள் கீழே நின்று அவளைப் பார்த்துக்கொண்டிருந்தோம். கிளாரன்ஸ் வெளியே வந்து, “நிமாய்” என்றார்.

நிமாயை நாங்கள் மறந்தே போயிருந்தோம். வங்காளத்திலிருந்து வேலைக்கு வந்த பையன், இருபத்திரண்டு வயது, அரும்பு மீசை, படகில் ஐஸ் வெட்டுவான், வலை இழுப்பான். ஏழு பேர் என்று மனுவில் எழுதினோமே தவிர, ஏழு வீடு என்று நாங்கள் சொன்னபோது அவனுக்கு இங்கே வீடு எது என்று யோசிக்கவில்லை. ஏழாவது வீடு என்று மனதில் வைத்திருந்தது பனிமேரியின் வீட்டைத்தான், ததேயுஸும் நிமாயும் அங்கேதான் சோறு தின்றார்கள்.

நாலு மணிக்கு உபதேசியார் துணியோடு வந்து நின்றார். வரிசை வரவில்லை. வெறுப்பு ஒன்றும் இல்லை, கர்த்தர் சாட்சி. யாருடைய பிள்ளையோ, நம் வேதமும் இல்லை, அவன் முகத்தில் உதடு வைக்க நமக்கென்ன உரிமை என்று ஒவ்வொருவரும் அடுத்தவர் போவார் என்று காத்திருந்தோம். ஒருவரும் போகவில்லை. ஒன்பது நாள் ஆயிற்று, இருபது நாள் ஆயிற்று. நிமாய் மெருகு குலையாமல், அரும்பு மீசையின் ஒவ்வொரு மயிரும் தெரிய, மிஷினின் மேல் இருந்தான். அவன் போகாமல் அடுத்தவன் வரமாட்டான்.

நிமாய் வந்த அன்றுதான் பனிமேரி, இரண்டரை மாதத்துக்குப் பிறகு, தூங்கினாள் என்று பக்கத்து வீட்டுக்காரி சொன்னாள். அதற்குப் பிறகு தினமும் மீன் விற்றுத் திரும்பும்போது ஜெராக்ஸ் கடையில் ஏறி, சட்டியை இறக்கி வைத்து, பதக்கத்தில் இருப்பது நிமாய்தானா என்று பார்ப்பாள். நிமாய்தான். அதைக் கண்டதும் அவள் முகத்தில் ஒரு தெளிச்சி வரும், அந்தத் தெளிச்சிக்காக அவளுக்கு உடனே ஒரு வேதனையும் வரும், இரண்டையும் நாங்கள் பார்த்தோம். ஒருநாள் குடித்திருந்த எங்கள் வாட்ச்மேன் மரியலூயிஸ், “சனியன், நானே தேச்சு முடிச்சு விடுகேன்” என்று பதக்கத்தைத் தூக்கப் போனான். பனிமேரி அவன் கன்னத்தில் விட்ட அறையில் போதை இறங்கிவிட்டது.

ஊருக்குப் பொறுமை போய்க்கொண்டிருந்தது. ஏழு பெயரையும் கொத்தக் கல் வாங்கிப் போட்டிருந்தோம். ஆறாவது பெயருக்குக் கீழே கொத்தன் காத்திருந்தான். துக்கம் முடியாத ஊரில் கல்யாணம் வைக்கக் கூடாது என்பதால் இரண்டு கல்யாணம் தள்ளிப்போயிற்று, மணவீட்டார் பனிமேரியைக் கண்டால் முகத்தைத் திருப்பினார்கள். ததேயுஸ் போய்விட்டான் என்பதில் எங்களில் ஒருவருக்கும் சந்தேகமில்லை. அவள்தான் அடைத்துக்கொண்டு நிற்கிறாள் என்று பேசினோம்.

எங்களுக்குத் தெரியாத ஒன்று அவளுக்குத் தெரிந்திருந்தது. நிமாய்க்கு ஊரில் அம்மா இருந்தாள், சபிதா என்று பெயர். பையன் ஞாயிற்றுக்கிழமைகளில் பனிமேரியின் போனிலிருந்துதான் வீட்டுக்குப் பேசுவான், அதனால் அந்த அம்மாவிடம் இருந்தது பனிமேரியின் நம்பர். புயலுக்குப் பிறகு ஒவ்வொரு ஞாயிறும் பூசை முடிந்து வரும் நேரத்தில் போன் அடிக்கும். வங்காளத்தில் நீளமாக ஏதோ சொல்வாள், அதில் பனிமேரிக்கு விளங்குவது மகனின் பெயர் ஒன்றுதான். “வருவான், வருவான்” என்பாள் பனிமேரி. போன் அந்தப் பக்கம் கொஞ்சம் அழுதுவிட்டு வைக்கப்படும். டிசம்பரில் அதைச் சொன்னபோது அவள் நம்பிச் சொன்னாள். சாம்பல் புதனுக்குப் பிறகு வந்த ஞாயிறும் போன் அடித்தது. கடையில் நிமாயின் முகத்தைப் பார்த்துவிட்டு வந்திருந்த அதே பனிமேரி, “வருவான், வருவான்” என்றாள். அடுத்த ஞாயிறும் சொன்னாள். தவக்காலம் முழுக்கச் சொன்னாள், குருத்து ஞாயிறன்று ஓலையைக் கையில் வைத்துக்கொண்டு சொன்னாள், உயிர்ப்பு ஞாயிறன்றும் சொன்னாள். தாயிடம் உண்மையைச் சொன்னால் தாய் வருவாள், வந்தால் முத்தி செய்வாள், செய்தால் முகம் தேயும், தேய்ந்தால் அடுத்தது ததேயுஸ். இந்தக் கணக்கு அவளுக்கு மனப்பாடம். பாவசங்கீர்த்தனத்தில் இதைச் சொன்னாளா என்று சாமியார் சொல்ல மாட்டார்.

ஏப்ரல் கடைசி ஞாயிறன்று போன் வந்தது. அன்று சபிதா மகனைப் பற்றிக் கேட்கவில்லை. பாடம் ஒப்பிக்கும் பிள்ளை மாதிரி ஒவ்வொரு எழுத்தாக, “ததேயுஸ்... வருவான். வருவான்” என்றாள்.

உனக்கும் ஒருத்தன் வராமல் இருக்கிறானே, நான் என் பிள்ளையை மட்டும் கேட்டுக்கொண்டிருக்கிறேனே என்று அந்த அம்மாவுக்குத் தோன்றியிருக்கிறது. ஆறுதல் சொல்ல அவளிடம் இருந்த தமிழ் அந்த ஒரு சொல்தான். பனிமேரி சொல்லிச் சொல்லி அவளுக்குப் பழகிப்போன சொல்.

பனிமேரி போனைக் கையில் வைத்துக்கொண்டு கடற்கரை மணலில் வெகுநேரம் நின்றாள். பிறகு துறைமுகத்துக்குப் போய், வேறு படகில் வேலை செய்யும் கோபால் என்ற வங்காளத்துக்காரனைப் பிடித்தாள், பத்து வருஷமாக இங்கே இருப்பதால் அவன் நம்மைப்போலவே பேசுவான்.

“கோபாலு, நிமாய்க்க அம்மைய வரச் சொல்லு.”

“என்ன சொல்லிக் கூப்பிட அக்கா?”

“உள்ளதச் சொல்லு. இங்க அவனுக்க முகம் இருக்குன்னு சொல்லு. அவங்க வந்து தொடணும்னு சொல்லு. நான்தான் சொல்லாம வச்சிருந்தேன்னும் சொல்லு.”

“அதயும் சொல்லணுமா?”

“அதயும் சொல்லுலே.”

ரயிலில் மூன்று நாள் வந்து, மே மாதத்து முதல் வியாழக்கிழமை காலையில் சபிதா கல்லந்துறையில் இறங்கினாள். மெலிந்த, உயரமான பெண், நாற்பத்தைந்து இருக்கும், கிளிப்பச்சைச் சேலை, கையில் ஒரு துணிப்பை. பைக்குள் பனிமேரிக்கென்று ஒரு பொட்டலம் அரிசிப்பொரி வைத்திருந்தாள். பனிமேரி அதை வாங்க முடியாமல் நின்றாள். சபிதா அவள் முந்தானையைப் பிடித்து அதில் கொட்டி முடிந்துவிட்டாள், திட்டவில்லை. திட்டியிருக்கலாம் என்று பனிமேரி பிறகு சொன்னாள்.

ஊரே படிக்கட்டில் இருந்தது. கொத்தனும் வந்திருந்தான். நாலு மணி வரைக்கும் காத்திருக்க யாரும் சொல்லவில்லை. கிளாரன்ஸ் பதக்கத்தைக் கையுறை இல்லாமலே எடுத்து, சபிதாவின் உள்ளங்கையில் வைத்தார். உபதேசியார் துணியை விரித்துப் பிடித்தார்.

அவள் முத்தி செய்யவில்லை. அவர்கள் பக்கத்து வழக்கம் வேறு போல. வெண்கலத்தில் மகனின் மோவாய் எங்கே இருக்கிறதோ அங்கே விரல் நுனிகளை வைத்து, செல்லப் பிள்ளையின் மோவாயைத் தொடுகிற மாதிரி தொட்டு, அந்த விரல்களைத் தன் உதட்டுக்குக் கொண்டுபோனாள். அவ்வளவுதான். முந்திய ஐந்து பேருக்கு ஒரு ஊரின் உதடுகள் ஒன்பது நாள் தேய்த்தும் மெல்ல மெல்லப் போனதை, அவளுடைய மூன்று விரல் ஒரே தொடலில் கொண்டுபோயிற்று. அரும்பு மீசை போயிற்று, கண் போயிற்று. சபிதா வெறுமையான பதக்கத்தைக் கிளாரன்ஸிடம் கொடுத்துவிட்டு, சுவரோரம் உட்கார்ந்து, சேலையை முகத்தில் போட்டுக்கொண்டாள்.

பனிமேரி கடை வாசலில், எங்களுக்கு முகமும் பதக்கத்துக்கு முதுகுமாக நின்றுகொண்டிருந்தாள். வழக்கமாக அடுத்த முகம் மறுநாள் காலையில் வரும். அன்று காத்திருக்கவில்லை. கிளாரன்ஸ் குனிந்து பார்ப்பதையும், பூதக்கண்ணாடியை எடுப்பதையும், அட்டைப் பிரதிகளில் கடைசித் தாளை இழுப்பதையும் நாங்கள் பார்த்தோம். எங்கள் முகங்களில் அதை அவள் பார்த்தாள்.

“பனிமேரி” என்றார் கிளாரன்ஸ்.

“நீங்க சொல்லாண்டாம் அண்ணே. நான் சொல்லுகேன். நீங்க உண்டா இல்லியான்னு மட்டும் சொன்னாப் போதும்.”

“சொல்லு பிள்ளே.”

“புருவத்துல வெட்டு. இடது புருவம், வலை இழுக்கிய வின்ச்சுக் கம்பி அடிச்சது.”

“உண்டு.”

“காது சின்னது. ஆளுக்குப் பொருந்தாத காது.”

“உண்டு.”

“மூக்கு நுனி கொஞ்சம் எனக்கப் பக்கம் சாஞ்சிருக்கும். கட்டில்ல நான் படுக்கிய பக்கம்.”

யாரும் சிரிக்கவில்லை. “சாஞ்சிதான் இருக்கு” என்றார் கிளாரன்ஸ்.

“மழுமழுன்னு இருப்பாரு. போன அன்னைக்குக் காலைல கண்ணாடி நான்தான் பிடிச்சேன், ஒரு மயிரு விடாம வழிச்சுட்டுப் போனாரு.”

கிளாரன்ஸ் ஜன்னல் பக்கம் போனார், பதக்கத்தை வெளிச்சத்தில் பிடித்தார், கண்ணாடியைத் துடைத்து மறுபடி பார்த்தார்.

“என்ன அண்ணே, அவரில்லையா?” என்று கேட்டாள். அவள் குரலில் ஒரு துளி சந்தோஷம் எழுந்ததை நாங்கள் எல்லாரும் கேட்டோம்.

“அவருதான். ஆனா தாடி இருக்கு.”

“எத்தர தாடி?”

முந்தி வந்த ஆறு பேரும் கரையை விட்டுப் போன நாளில் எப்படி இருந்தார்களோ அப்படியே வந்தவர்கள். லாசருக்கு மூன்று நாள் முள்தாடி, நிமாய்க்கு மீசை மட்டும்.

“பனிமேரி, இங்க வந்து நீயே...”

“எத்தர தாடின்னு கேக்கேன்.”

“கழுத்து மறைய இருக்கு” என்றார் கிளாரன்ஸ். “கன்னம் ஒட்டிப்போயிருக்கு. உதடு வெடிச்சிருக்கு. அஞ்சு மாசத் தாடி பிள்ளே. ஒரு நாளு கொறயாது.”

படிக்கட்டில் நின்ற நாங்கள் புயல் அடித்த கார்த்திகையிலிருந்து விரல் விட்டு எண்ண வேண்டியிருக்கவில்லை. கமிட்டித் தலைவர் தலையைக் குனிந்துகொண்டார். தேட வேண்டாம் என்று நாங்கள் கையெழுத்துப் போட்ட நாளில் அவன் கடலில் எங்கோ ஒரு பலகையிலோ பாறையிலோ உயிரோடு இருந்திருக்கிறான். மழைத் தண்ணீர் குடித்து, பச்சை மீன் தின்று, எந்தப் பக்கம் படகுச் சத்தம் கேட்டாலும் கை காட்டிக்கொண்டு இருந்திருக்கிறான். இரண்டு கல்யாணம் தள்ளிப்போகிறதே என்று நாங்கள் சங்கடப்பட்ட நாளிலும் இருந்திருக்கிறான். நேற்று வரைக்கும், ஒருவேளை இன்று காலை வரைக்கும்.

பனிமேரி அப்போதுதான் திரும்பிப் பார்த்தாள். பதக்கத்தைக் கிளாரன்ஸின் கையிலிருந்து எடுத்து, சபிதாவின் பக்கத்தில் தரையில் உட்கார்ந்து, மடியில் வைத்துக்கொண்டாள். அவள் ஒரு வார்த்தை சொல்லித் திட்டியிருந்தால் எங்களுக்கு நன்றாக இருந்திருக்கும். உபதேசியார் விரித்த துணியை நாலாக மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டு படியிறங்கினார். அவருக்குப் பின்னால் கொத்தன் போனான், பிறகு நாங்கள் ஒவ்வொருவராக, ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமல் போனோம்.

நாலு மணிக்கு யாரும் வரவில்லை. மறுநாளும் வரவில்லை. அந்த முகத்தில் உதடு வைக்க எங்களில் ஒருவருக்கும் துணிச்சல் இல்லை. அவள் தினமும் மீன் விற்றுத் திரும்பி, சட்டியை இறக்கி வைத்து, கையைக் கழுவிவிட்டுத் தனியாக முத்தி செய்தாள். ஒருத்தியின் உதட்டுக்கு அந்தத் தாடியும் முகமும் தேய்ந்து முடிய ஐந்து மாதம் ஆயிற்று.